ஏழாம் தேதிச் சம்பளத்தை இருபத்தைந்தாம் தேதியே தொடங்க வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 34 பேரை வைத்து வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தின் உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சம்பளம் போடுவது மாதாமாதம் பத்தாம் தேதி, பதினான்காம் தேதி என்று இழுத்துக்கொண்டே போகிறது. போட்ட பிறகும் ஐந்தாறு பேர் கணக்கு தவறு என்று வந்து நிற்கிறார்கள். எந்த மென்பொருளை வாங்கினால் இது சரியாகும்? அல்லது வேலை முழுவதையும் ஆடிட்டர் அலுவலகத்திடமே ஒப்படைத்துவிடலாமா?

கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் ஆகிய இடங்களில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளப் பட்டியல் போட்டுவருகிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பார்த்தால், பெருக்கலும் கழித்தலும் சரியாகவே இருக்கும். வருகைப் பதிவு, ஓவர்டைம், அட்வான்ஸ், புதிதாகச் சேர்ந்தவர், நின்றவர் ஆகிய விவரங்கள்தாம் பட்டியல் போடுபவரின் மேசைக்கு அரைகுறையாகவும் கடைசி நாளிலும் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே மென்பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம். விவரம் வந்து சேரும் வழியை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் தேதியைத் தாண்டிச் சம்பளம் போடுவது சட்டப்படி தவறு. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஏழாம் தேதியைத்தான் கெடுவாக வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் மாதச் சம்பளக்காரர்களுக்கு மறுமாதம் ஏழாம் தேதிதான் கெடு. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், உங்கள் தொழிலாளிக்கு வீட்டு வாடகை ஐந்தாம் தேதி, குழுச் சீட்டுப் பணம் பத்தாம் தேதி என்று அவருடைய மாதம் முழுவதும் உங்கள் தேதியை நம்பித்தான் ஓடுகிறது. நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அவர் அந்த வாரத்தை வட்டிக்குக் கடன் வாங்கிக் கடக்கிறார்.

இனி வழிமுறைக்கு வருகிறேன். வருகைக் கணக்கை முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை என்று வைத்துக்கொண்டால், மாதம் முடிந்து ஏழே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு ஞாயிறு கட்டாயம் வரும், சில மாதங்களில் பண்டிகை விடுமுறையும் வரும். முந்தைய மாதம் 26ஆம் தேதியிலிருந்து இந்த மாதம் 25ஆம் தேதிவரை என்று கணக்கை மாற்றிவிடுங்கள். 25ஆம் தேதி மாலை வருகைப் பதிவேடு மூடப்பட வேண்டும். 27ஆம் தேதிக்குள் ஒவ்வொரு ஷிப்ட் சூப்பர்வைசரும் தம் பகுதி ஆட்களின் வருகை, விடுப்பு, ஓ.டி. மணிநேரம் ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 28ஆம் தேதி அந்தப் பட்டியலை, சம்பளத் தொகை இல்லாமல், நாட்களும் மணிநேரமும் மட்டும் தெரியும்படி, பணியாளர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிட வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் 30ஆம் தேதிக்குள் சொல்லட்டும். சம்பளம் போட்ட பிறகு வந்து நிற்கும் ஐந்தாறு பேரும் இந்த இரண்டு நாளிலேயே வந்துவிடுவார்கள். அப்போது திருத்துவதற்குப் பேனா போதும், வங்கிக்குப் போக வேண்டியதில்லை. 30ஆம் தேதிக்குப் பிறகு வரும் எந்த மாற்றமும், அது முதலாளியே சொன்னதாக இருந்தாலும், அடுத்த மாதக் கணக்கில்தான் சேர வேண்டும். இந்தக் கடைசி விதியை நீங்களே மீறாமல் இருப்பதுதான் கடினம். முதலாளி ஒருமுறை தளர்த்திவிட்டால் அதன் பிறகு எந்தச் சூப்பர்வைசரும் தேதியை மதிக்கமாட்டார்.

விரல்ரேகை இயந்திரம் இருந்தாலும் காகிதப் பதிவேடு ஒன்றையும் வைத்திருங்கள் என்பேன். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரிலும் கிண்டியிலும் கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்போது நான் கணக்குப் பார்த்துவந்த ஓர் இடத்தில் இயந்திரமும் அதனோடு இணைந்திருந்த கணினியும் நனைந்துபோயின. வாட்ச்மேன் மேல் அலமாரியில் எடுத்துவைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் அந்த மாதச் சம்பளம் போட்டோம். அப்படிப்பட்ட மழை நாட்களுக்குச் சம்பளம் உண்டா, விடுப்பில் கழிக்கப்படுமா என்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே எழுதி அறிவித்துவிடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் ஒரு சாராருக்கு அது அநியாயமாகவே படும்.

அடுத்து, வராத நாட்களுக்கான பிடித்தம். ஒரு தொழிலாளிக்கு அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். மாதத்தை 30 நாளாகக் கொண்டால் பிடித்தம் 1,000 ரூபாய். 26 நாளாகக் கொண்டால் ஏறத்தாழ 1,154 ரூபாய். எந்த முறையைக் கடைப்பிடிப்பது என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் பழைய ஆட்களுக்கு ஒரு முறையும் புதிய ஆட்களுக்கு வேறொரு முறையும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே நாள் வராத இருவருக்கு வேறு வேறு தொகை பிடிக்கப்பட்டால், சாப்பாட்டு நேரத்தில் சம்பளச் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் உங்களிடம் வருவது நியாயம்தானே.

அதே 15,000 ரூபாய்க்காரரின் சீட்டை முழுதாகப் பார்ப்போம். அவர் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. தொழிலாளர் சேமநிதியான பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவரிடமிருந்து பிடிக்கப்படுகிறது. நீங்களும் அதே 1,800 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் 550 ரூபாய் சேமநிதிக்கும் போகிறது. இவை தவிர அரை சதவீதம் பி.எஃப்.போடு இணைந்த ஆயுள் காப்பீட்டுக்கும் அரை சதவீதம் நிர்வாகக் கட்டணத்துக்கும் ஆக இரண்டு 75 ரூபாய்கள் உங்கள் பொறுப்பு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு அவருடைய பங்கு 0.75 சதவீதம், 113 ரூபாய், உங்களுடையது 3.25 சதவீதம், 488 ரூபாய். அவர் கையில் வாங்குவது 13,087 ரூபாய். உங்களுக்கு ஆகும் செலவு 17,438 ரூபாய். போனஸையும், பணிக்கொடையான கிராஜுவிட்டியையும் இன்னும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 34 பேரும் ஏறத்தாழ இதே நிலையில் இருந்தால் மாதம் 5,93,000 ரூபாய் தேவை. சம்பளம் பதினான்காம் தேதிவரை தள்ளிப்போவதன் உண்மையான காரணம் பல நிறுவனங்களில் இந்தப் பணம் அன்று இல்லாததுதான். பெரிய கம்பெனியிடமிருந்து வரவேண்டிய பில் தொகைக்காகக் காத்திருந்துவிட்டு, வெளியே ‘கணக்கு இன்னும் முடியவில்லை’ என்று சொல்கிறார்கள். உங்கள் நிலைமையும் அதுவென்றால் எந்த மென்பொருளும் உதவாது. சம்பளத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வாரந்தோறும் ஒன்றரை லட்சம் ரூபாயை அதில் போட்டுவிட்டுத்தான் மூலப்பொருள்காரருக்குச் செக் எழுதுவது என்ற பழக்கத்துக்கு வாருங்கள். முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும். மூன்றாவது மாதத்திலிருந்து அந்தப் பணம் இருப்பதே தெரியாமல் இருக்கும்.

பிடித்த பணம் உங்களுடையது அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வருமான வரிப் பிடித்தத்தை 7ஆம் தேதிக்குள், மார்ச் மாதப் பிடித்தத்தை மட்டும் ஏப்ரல் 30க்குள் செலுத்த வேண்டும். உற்பத்திக் கூடத்தில் வேலை செய்பவர்களில் யாருக்கும் வருமான வரி வராமலிருக்கலாம், மேலாளருக்கு மட்டும் பாருங்கள்.

சென்னை மாநகராட்சியின் தொழில் வரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இது அரையாண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அரையாண்டில் 21,000 ரூபாய்வரை வரி இல்லை. 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச அளவான 1,250 ரூபாய். மாதம் 15,000 வாங்குபவரின் அரையாண்டு வருமானம் 90,000 என்பதால் அவரும் இந்த உச்ச அளவிலேயே வருகிறார். செப்டம்பர் மாதச் சம்பளத்தில் முன்னறிவிப்பில்லாமல் 1,250 ரூபாயை ஒரே தவணையாகப் பிடித்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் கூடத்தில் முகம் கொடுக்க முடியாமல் தவித்த முதலாளிகளை எனக்குத் தெரியும். மாதம் 208 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று பணியாளர்களிடம் பேசி, எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கான பங்கு சிறு தொகைதான்; டிசம்பர் சம்பளத்தில் பிடித்து ஜனவரி 31க்குள் கட்டிவிட்டால் முடிந்தது.

இ.எஸ்.ஐ. பற்றி என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்கெழுதிய ஒரு நிறுவனத்தில் மே மாதத் தொடக்கத்தில் ஒருவர் ஹெல்பராகச் சேர்ந்தார். ‘நிலைக்கிறாரா பார்க்கலாம்’ என்று சொல்லி நிர்வாகம் அவருடைய பெயரைப் பதிய விடவில்லை. ஆகஸ்ட் மாதத்தில்தான் பதிந்தோம். புதிதாகச் சேர்ந்தவருக்கு நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமை, காப்பீட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். மே மாதமே பதிந்திருந்தால் அவருக்கு அது பிப்ரவரியில் தொடங்கியிருக்கும். மார்ச்சில் வீட்டருகே வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். சிகிச்சை கிடைத்தது, ஆனால் 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைத்திருக்க வேண்டிய உதவித்தொகை கிடைக்கவில்லை. அவருடைய மனைவி கையில் நான்காக மடித்த சம்பளச் சீட்டுகளோடு அலுவலகத்துக்கு வந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் வைத்து, “மே மாசத்துலேர்ந்து வேலைக்கு வர்றார் சார், இதுல போட்டிருக்கே” என்றார். சீட்டில் மே மாதம் இருந்தது, பதிவில் இல்லை. சேர்ந்த பத்து நாளுக்குள் பதிய வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அதை நான் இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, பதிவு எண் இல்லாத பெயரைச் சம்பளப் பட்டியலில் நான் ஏற்றுவதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. சம்பளம் இ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பான மாதம் 21,000 ரூபாயைத் தாண்டிய உடனேயே பிடித்தத்தை நிறுத்திவிடும் தவறு பரவலாக இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை, அக்டோபர் முதல் மார்ச்வரை என்ற பங்களிப்புக் காலத்தின் நடுவில் உயர்வு கொடுத்தால், அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தலைப்பெழுத்து. ஆதாரில் ‘முருகன் கு’ என்றிருக்கும், வங்கியில் ‘கு. முருகன்’ என்றிருக்கும், பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து ‘குப்புசாமி முருகன்’ என்று போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று ஆட்கள். வேலையில் இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்து மகளின் திருமணத்துக்கு பி.எஃப். முன்பணம் கேட்கும் அன்றுதான் தெரியும். சேரும் நாளிலேயே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கெழுத்துப் பார்த்துப் பதியுங்கள், பிறந்த தேதியையும் அப்படியே. வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களிடம் பழைய நிறுவனத்தில் வாங்கிய யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரத்தில் புதிய எண் ஒன்றை உருவாக்கிவிட்டால் அவருடைய பழைய சேமிப்பு எங்கோ தனியே கிடக்கும்.

மேலே சொன்ன புதிய சட்டத் தொகுப்புகளில் இரண்டு மாற்றங்களை உங்களைப் போன்ற நிறுவனங்கள் உடனே கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது, அடிப்படை ஊதியத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வீட்டுவாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று மற்றவற்றை ஊதிப் பெருக்கும் வழக்கம் இனிச் செல்லாது. ஊதியக் கணக்கிலிருந்து இப்படி விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கில் வரும், கிராஜுவிட்டியும் அதற்கேற்ப உயரும். கிராஜுவிட்டி என்பது ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு: நம் 15,000 ரூபாய்க்காரருக்கு ஆண்டுக்கு 8,654 ரூபாய் என்று இப்போதே ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, வேலையை விட்டு நிற்பவரின் ஊதிய பாக்கியை, அவரே ராஜினாமா செய்திருந்தாலும், இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்து வாங்கிக்கொள்’ என்று அலையவிடும் பழக்கத்துக்கு இனி இடமில்லை, அந்தப் பழக்கம் எப்போதுமே சரியாக இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொருவருடைய அட்வான்ஸ் பாக்கி, விடுப்பு இருப்பு, திருப்பித் தரவேண்டிய கருவிகள் ஆகியவை எந்த நாளில் கேட்டாலும் சொல்லும்படி இருக்க வேண்டும். அட்வான்ஸுக்குத் துண்டுச்சீட்டு வேண்டாம்; தேதி, தொகை, எத்தனை தவணை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரே நோட்டு போதும்.

தீபாவளி போனஸ் உங்களுக்குத் தெரிந்ததுதான். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பதை அக்டோபரில் தேடாமல் மாதாமாதம் அந்தத் தனிக் கணக்கிலேயே சேர்த்துவாருங்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் ஆட்கள் வந்தால், அவருடைய பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் அந்த ஆட்களின் பெயர் இருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் நகலை வாங்கிப் பாருங்கள். அவர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்கள் தலைமேல்தான் விழும்.

இப்போது நீங்கள் கேட்ட மென்பொருள். 34 பேருக்கு ஒழுங்காக அமைத்த ஒரு எக்ஸெல் கோப்பே போதும். ஏற்கெனவே டேலி வைத்திருந்தால் அதிலேயே சம்பளப் பகுதி இருக்கிறது. இணையவழியில் வேண்டுமென்றால் ஜோஹோ பேரோல் போன்றவை உண்டு. எதை எடுத்தாலும் இரண்டு மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்தே கணக்குப் போட்டு, 34 பெயருக்கும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை விடுங்கள். சம்பளச் சீட்டு தமிழில் அச்சாகுமா என்று கேளுங்கள். ‘இந்த 113 எங்கே போகுது’ என்று ஒருவர் கேட்டால், அதே சீட்டில் தமிழில் ‘இ.எஸ்.ஐ. தங்கள் பங்கு’ என்றும் பக்கத்தில் ‘நிறுவனத்தின் பங்கு 488’ என்றும் இருப்பது நீங்கள் பேசும் அரைமணி நேரத்தை விட நன்றாக விளங்கவைக்கும். வங்கி விடுமுறை என்ற காரணத்தையும் இனிச் சொல்ல வேண்டியதில்லை. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்தே எல்லா நாளும் எந்நேரமும் இயங்குகிறது.

ஆடிட்டர் அலுவலகத்திடம் கணக்கிடுவதையும் சலான் தயாரிப்பதையும் தாராளமாகக் கொடுக்கலாம். மாத இறுதியில் கையெழுத்தான வருகைப் பட்டியலை நீங்கள் அனுப்புங்கள், அவர்கள் சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்பட்டும். இரண்டு வேலைகளை மட்டும் வெளியே கொடுக்காதீர்கள். புதுப் பெயரைச் சேர்ப்பதும் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதும் உங்கள் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். வங்கியில் பட்டியலை ஏற்றுபவர் ஒருவராகவும் அனுமதிப்பவர் நீங்களாகவும் இருக்க வேண்டும். அனுமதிக்கும் முன் போன மாதத் தொகையையும் இந்த மாதத் தொகையையும் அருகருகே வைத்து, வித்தியாசம் இருக்கும் பெயர்களுக்கு மட்டும் காரணம் கேளுங்கள். 34 பேருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. 15ஆம் தேதி மாலை பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பணம் கட்டிய ரசீதை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ‘கட்டியாச்சு சார்’ என்ற வாய்மொழியை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இந்த மாதம் 25ஆம் தேதி மாலை பதிவேட்டை மூடுவதிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் எல்லாவற்றையும் செய்ய முடியாது. பட்டியலை ஒட்டுவது, சூப்பர்வைசர் கையெழுத்து, தனி வங்கிக் கணக்கு ஆகிய மூன்றை மட்டும் செய்யுங்கள். அடுத்த மாதம் ஏழாம் தேதி எத்தனை பேர் உங்கள் அறைக்கு வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று எழுதிவைத்து அனுப்பினால், மேற்கொண்டு எதைத் திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.